மெக்கார்ட்னி துரை எடைபோட்ட கல்

1781 முதல் 1785 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர் லார்டு மெக்கார்ட்னி. நம்மூர்க்காரர்கள் அவரை ஆசையாக நினைத்துக்கொள்ளக் காரணம் எதுவும் கிடையாது. ஹைதர் அலியோடு சண்டை, ஊரில் பஞ்சம், ஆற்காடு நவாபோடு வரி வசூல் தகராறு என்றே அவருடைய பதவிக்காலம் ஓடியது. ஏழு வருஷம் கழித்து இதே மனிதரைத்தான் பிரிட்டிஷ் அரசு சீனாவுக்குத் தூது அனுப்பியது. 1793 செப்டம்பர் 14 அன்று ஜெஹோல் என்ற ஊரில் (இன்றைக்கு செங்டே என்கிறார்கள்) சியன்லோங் சக்கரவர்த்தியைப் பார்த்தார். தூதர் கொண்டுபோனது கோளரங்கக் கருவி, கடிகாரம், பீரங்கி மாதிரியான சாமான்கள். சக்கரவர்த்தி திருப்பிக் கொடுத்தது, மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு என்று, ஒன்றரை அடி நீளத்தில் செதுக்கிய ஒரு வெளிறிய கல். தூதருக்கும் தனியாக ஒன்று கொடுத்தார், அது கொஞ்சம் பச்சை.

இது அமைதிக்கும் செழிப்புக்கும் அடையாளம் என்று யாரோ துரைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அதோடு, சீனர்கள் இதைப் பெரிதாக மதிக்கிறார்கள், எனக்கென்னவோ இதில் பெரிய மதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றும் எழுதி வைத்தார். கையில் வாங்கியதும் எடை போட்டுப் பார்த்துவிட்டார் மனுஷன்.

அந்தக் கல்லுக்குப் பெயர் ரூயி. "நினைத்தபடி ஆகட்டும்" என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், நினைத்தபடி ஆகட்டும் என்று கல்லில் வாழ்த்திக் கொடுத்த அதே சக்கரவர்த்தி, துரை கேட்ட வியாபாரச் சலுகைகளில் ஒன்றைக்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். இதே சந்திப்பில் இன்னொரு சின்ன விஷயமும் நடந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. மதராஸில் மெக்கார்ட்னிக்குச் செயலாளராக இருந்த ஸ்டான்டனின் பன்னிரண்டு வயது மகனும் கூடப் போயிருந்தான். பயணத்தில் கொஞ்சம் சீனம் கற்றுக்கொண்டு சக்கரவர்த்தியிடம் நாலு வார்த்தை பேசினான். அவர் சந்தோஷப்பட்டு, தன் இடுப்பில் தொங்கிய சுருக்குப் பையை அவிழ்த்துக் கொடுத்தார். அது பாக்கு வைத்துக்கொள்ளும் பை. எனக்கு அந்தப் பையனைப் பார்த்துத்தான் பொறாமை.

சரி, ரூயிக்கு வருவோம். பார்த்தால் வளைந்த கைப்பிடி ஒன்று, மேலே மேகம் மாதிரி சுருண்ட தலை. அதை மேகம் என்றும் சொல்லலாம், லிங்ஷி காளான் என்றும் சொல்லலாம். அந்தக் காளான் காய்ந்து மரக்கட்டை மாதிரி ஆகி வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும், அதனால் நீண்ட ஆயுளுக்கு அடையாளம் ஆகிவிட்டது. இந்தக் கைப்பிடியின் ஆரம்பம் முதுகு சொறியும் குச்சி என்று சொல்பவர்கள் உண்டு. பௌத்தத் துறவிகள் உபதேசம் செய்யும்போது கையில் பிடித்திருந்ததும் உண்டு, மஞ்சுஸ்ரீ என்ற ஞான போதிசத்துவரின் சீனத்துச் சிலைகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். நாம் சிந்தாமணி என்கிறோமே, நினைத்ததைத் தரும் மணி, அதைச் சீனத்தில் சொன்னபோதும் இதே ரூயியைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். சியன்லோங்கின் சிங் வம்சக் காலத்தில் அரண்மனையில் பிறந்தநாள், கல்யாணம், புத்தாண்டு என்று எதற்கெடுத்தாலும் ரூயி கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஜேடு என்கிற, வெள்ளையிலும் பச்சையிலும் கிடைக்கும் விலையுயர்ந்த கல்லில், தங்கத்தில், பவளத்தில், மூங்கிலில்கூடச் செய்தார்கள். 1770-ல் சியன்லோங்கின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அதிகாரிகள் அறுபது தங்கக் கம்பி ரூயி செய்து கொடுத்தார்கள், அறுபது ஆண்டுச் சுழற்சியில் வருஷத்துக்கு ஒன்று. பிரபவ, விபவ என்று எண்ணுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சக்கரவர்த்திக்கு சஷ்டியப்தபூர்த்தி, அவ்வளவுதான்.

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். மயிலாப்பூரில் இருக்கும் என் சித்திக்கு, மகனோடு வேலை பார்க்கும் ஷாங்காய்க்காரர் ஒருவர் பச்சைக் கல்லில் செதுக்கிய வட்டமான பதக்கம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். நடுவில் ஒரு எழுத்து, சுற்றி ஐந்து வௌவால். சித்தி அதைக் கையால்கூடத் தொடவில்லை. "ஏண்டா, வௌவாலை யாராவது வீட்டுக்குள்ள வெச்சுப்பாங்களா? வெளியில கொண்டு போய் வை" என்றார். வெளியில் என்றால் பால்கனியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே.

வௌவாலுக்கு அங்கே ஏன் இவ்வளவு மரியாதை என்றால், காரணம் அந்தப் பிராணியிடம் எதுவும் இல்லை, சத்தத்தில்தான் இருக்கிறது. சீனத்தில் வௌவாலுக்கு ஃபூ என்று பெயர். பாக்கியம், சுபிட்சம் என்பதற்கும் ஃபூ. எழுதினால் வேறு எழுத்து, சொன்னால் ஒரே சத்தம். அவ்வளவுதான் கதை. வௌவாலைச் செதுக்கினால் பாக்கியம் என்று எழுதியதாகிவிட்டது. தலைகீழாகத் தொங்கும் வௌவால் என்றால் இன்னும் விசேஷம், ஏனென்றால் தலைகீழ் என்ற சொல்லுக்கும் வந்துவிட்டது என்ற சொல்லுக்கும் ஒரே ஒலி. பாக்கியம் வந்தாச்சு! சிவப்பு வௌவால் என்றால் பெரும் பாக்கியம், அங்கேயும் அதே சத்த விளையாட்டு.

நமக்கு இது புதிதில்லை. பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரே வெண்பா பாடிய காளமேகத்தின் ஊர் இது. அவர் வார்த்தையில் செய்த சிலேடையை இவர்கள் கல்லில் செய்திருக்கிறார்கள். ஒரு வித்தியாசம், காளமேகத்தின் சிலேடையைக் கேட்டதும் சிரிப்போம், இங்கே சிலேடை புரியாவிட்டால் எதிரே நிற்பது வெறும் விலங்குக் காட்சிசாலைதான். அதனால்தான் எனக்கு இந்த ஜேடு சாமான்களைப் பார்ப்பதைவிடப் படிப்பதில் ருசி அதிகம்.

அந்த ஐந்து வௌவாலுக்கும் கணக்கு உண்டு. பழைய சீன நூலில் சொல்லப்பட்ட ஐந்து பாக்கியங்கள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல் நலமும் மன நிம்மதியும், நல்லொழுக்கத்தில் பற்று, ஐந்தாவதாக, ஆயுள் முடிந்து இயற்கையாக வரும் சாவு. நாம் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்கிறோம், அவர்கள் ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஐந்தாவதைப் பாருங்கள். சித்தி தினமும் கபாலி கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதே அதுதான், அனாயாச மரணம், யாருக்கும் பாரமில்லாமல் போய்ச் சேரணும் என்று. பால்கனியில் கிடந்த பதக்கத்தில் அவருடைய பிரார்த்தனையே செதுக்கியிருக்கிறது என்று விளக்கினேன். நடுவில் உள்ள எழுத்து ஷோ, நீண்ட ஆயுள். முழுசாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் வௌவால் வௌவால்தானே" என்றார். அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

எல்லாமே சத்தம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பீச் பழம் நேரடியான புராணக் கதை, மேற்கு ராணித்தாயின் தோட்டத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை பழுப்பது, தின்றால் சாவில்லை. மாதுளைக்குக் கதையும் வேண்டாம், உள்ளே அத்தனை முத்து இருப்பதால் நிறையப் பிள்ளைகள். கொக்கும் பைன் மரமும் நீண்ட ஆயுள். ஆனால் மான் என்றால் லூ, உத்தியோகச் சம்பளமும் லூ. மீன் என்றால் யூ, மிச்சம் மீதி இருப்பதும் யூ. தாமரையும் மீனும் சேர்ந்து வந்தால் வருஷா வருஷம் மிச்சம் இருக்கட்டும் என்று ஒரு முழு வாக்கியம். மாசக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும் யாருக்கும் இதைவிட நல்ல வாழ்த்து தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது யானை. சிங் காலத்துச் சாமான்களில் முதுகில் குடுவை சுமந்து நிற்கும் யானை அடிக்கடி வரும். நம் ஆட்களுக்கு சட்டென்று கஜலட்சுமி ஞாபகம் வந்து, அட, நம்மிடமிருந்து போனது என்று மார் தட்டத் தோன்றும். யானை பௌத்தத்தோடு சேர்ந்து மரியாதை கூடியது உண்மைதான். ஆனால் அந்த உருவம் வேலை செய்வது வேறு வழியில். குடுவை என்றால் பிங், அமைதி என்றாலும் பிங். யானை என்றால் சியாங், அடையாளம் என்றாலும் சியாங். சேர்த்துப் படித்தால், எங்கும் அமைதி நிலவுவதற்கான அடையாளங்கள் தெரிகின்றன. ராஜாவுக்குக் கொடுக்க இதைவிட சாமர்த்தியமான பரிசு உண்டா? உங்கள் ஆட்சி நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறக்காமல் சொல்லிவிடலாம். இத்தனை வாழ்த்தையும் தாண்டி, வாங்குகிறவர் காலையும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிற வேலை இது. அரண்மனைச் சின்னங்களில் பாதி அப்படித்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் பிற்காலத்து விளையாட்டு. ஆதியில் ஜேடு சடங்குக் கல்லாக இருந்தபோது இந்த வௌவாலும் கிடையாது, யானையும் கிடையாது. இன்றைய ஹாங்ஜோ நகரத்துக்குப் பக்கத்தில் லியாங்ஜு என்ற இடத்தில் சுமார் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பண்பாடு இருந்தது, 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அவர்கள் கல்லறைகளில் இரண்டு வடிவங்கள் குவியலாகக் கிடைக்கின்றன. ஒன்று பி, நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தட்டு. இன்னொன்று சோங், வெளியில் சதுரம், உள்ளே உருண்டையான துளை. பச்சைப் பி வானத்துக்கு, மஞ்சள் சோங் பூமிக்கு, நாலு திசைக்கும் தலா ஒரு வடிவம் என்று சோவ் வம்சச் சடங்கு நூல் கணக்கு சொல்லும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நூல் லியாங்ஜு மக்களுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தியது. அந்தத் தட்டை மார்மேல் வைத்துப் புதைத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. இணையத்தில் யாராவது "பி என்றால் வானம்" என்று அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

அந்தப் பி வடிவம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது தெரியுமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் பதக்கங்களின் பின்பக்கத்தில் ஜேடு வளையம் பதித்திருந்தார்கள், இந்தப் பி தட்டைப் பார்த்துச் செய்தது. தங்கத்துக்கு வெள்ளை ஜேடு. அபினவ் பிந்த்ரா துப்பாக்கி சுடுதலில் வாங்கினாரே, அந்தப் பதக்கத்தைத் திருப்பினால் அது இருக்கும். டிவியில் முன்பக்கத்தை மட்டும் காட்டிக் காட்டி நமக்கு இது தெரியாமலே போய்விட்டது.

ஹான் வம்சத்து ஆட்கள் செத்தவரின் நாக்கின் மேல் ஜேடில் செய்த சிள்வண்டை வைத்தார்கள். மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து, ஒருநாள் வெளியே வந்து ஓட்டை உரித்துப் பறக்கிற பூச்சி, அதனால் மறுபிறவி. நாம் வாய்க்கரிசி போடும் இடத்தில் அவர்கள் பூச்சியை வைத்தார்கள். பணக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. கி.மு. 113-ல் இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரை 2,498 ஜேடுத் துண்டுகளைத் தங்கக் கம்பியால் தைத்த உடுப்பில் வைத்துப் புதைத்தார்கள். ஜேடு உடம்பை அழுகாமல் காக்கும் என்ற நம்பிக்கை. 1968-ல் ஹெபெய் மாகாணத்தில் மான்செங் என்ற இடத்தில் கண்டுபிடித்தார்கள். உடுப்பு இருந்தது, உள்ளே இளவரசர் மக்கிப்போயிருந்தார்.

ஏன் இந்தக் கல் என்ற கேள்விக்குப் பாதி பதில் அதன் பிடிவாதத்தில் இருக்கிறது. ஜேடு என்ற பெயரில் இரண்டு வேறு வேறு கற்கள் உண்டு, நெஃப்ரைட், ஜேடைட். இரண்டும் வேதியியலில் வேறு என்று 1863-ல் தாமூர் என்ற பிரெஞ்சுக்காரர்தான் பிரித்துக் காட்டினார். சீனர்கள் ஆயிரக்கணக்கான வருஷம் புழங்கியது நெஃப்ரைட். அதன் உள்ளே நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் உடைப்பது மகா கஷ்டம். உளி ஏறாது. செதுக்குவது என்று வாய் வார்த்தையாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் தேய்ப்பதுதான். தண்ணீரும் கடினமான மணலும் போட்டு, சுழலும் வட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்துக்கே மாதக்கணக்கில் ஆகும். பெரிய மனிதன் காரணமில்லாமல் ஜேடைக் கழற்ற மாட்டான் என்று சடங்கு நூல் சொல்வதற்குப் பின்னால் இந்த உழைப்பும் இருக்கிறது. நல்ல வெள்ளைக் கல் இன்றைய சீனாவின் மேற்குக் கோடியில் உள்ள கோத்தான் என்ற ஊர்ப் பக்கத்து ஆறுகளிலிருந்து வந்தது, ஆட்டுக் கொழுப்பு மாதிரி இருக்கும் வெள்ளைதான் உசத்தி. 1759-ல் சியன்லோங்கின் படை அந்தப் பிரதேசத்தைப் பிடித்த பிறகு அரண்மனைக்குக் கல் கொட்டியது. ஐந்து டன் கல்லை யாங்ஜோவுக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு மலையையே செதுக்க வைத்து, 1787-ல் பெய்ஜிங்கில் நிறுத்தினார்கள். இன்றைக்கும் அரண்மனையில் இருக்கிறது.

கண்ணைப் பறிக்கும் பச்சை என்றால் அது பெரும்பாலும் ஜேடைட், பர்மாவின் கச்சின் மலைப்பகுதியிலிருந்து வருவது, சீனாவில் பெருவாரியாகப் புழங்கத் தொடங்கியதே பதினெட்டாம் நூற்றாண்டில்தான். எங்கள் தெருவில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பாட்டி ஒருவர் பச்சைக் கல் வளையல் ஒன்றைக் கழற்றாமல் போட்டிருந்தார். அது உடைந்தால் நமக்கு வரவிருந்த கெடுதலை அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தமாம், ரங்கூனில் பக்கத்து வீட்டுச் சீனக்காரி சொன்னாளாம். சீனர்களிடம் பரவலாக இருக்கும் நம்பிக்கைதான் அது. நம் வீட்டில் பொம்பளைப் பிள்ளை வளையல் உடைந்தால் அபசகுனம் என்று பதறுவோம். பாட்டி இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, அதை உடையாமலே பார்த்துக்கொண்டார்.

அந்தக் கல்லைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலை 2-ம் தேதி பர்மாவின் பாகாந்த் சுரங்கத்தில் கழிவு மண் சரிந்து 170 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலும் கொட்டிய மண்ணில் துண்டுக் கல் பொறுக்கும் ஏழைகள். சுபச் சின்னம் என்று விற்கும் எந்தக் கடையிலும் இதைப் பற்றி ஒரு அட்டை தொங்கி நான் பார்த்ததில்லை.

கடை என்றதும் நம்மூர் ஃபெங் ஷுய் கடைகள். தி.நகரிலும் பாரிஸ் கார்னரிலும் சிரிக்கும் புத்தர், காசு கவ்விய மூன்றுகால் தவளை, அப்புறம் ஜேடு என்று பெயர் சொல்லி ஏதோ ஒரு பச்சை. "சார், இதை வடகிழக்கு மூலையில வெச்சா எனர்ஜி வரும், புதன் தோஷத்துக்கும் நல்லது" என்பார்கள். புதனையும் லியாங்ஜுவையும் ஒரே தட்டில் வைக்கிற தைரியம் சென்னையில்தான் கிடைக்கும். எனக்கு நம்பிக்கையோடு சண்டை இல்லை. ஆனால் இந்தச் சாமான்களின் சொந்த ஊரில் அவற்றின் வேலை பெரும்பாலும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் வாழ்த்து. கொடுப்பவர், வாங்குபவர், நடுவில் ஒரு வாக்கியம். அதை மூலையில் வைத்து மின்சாரம் எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் இருக்கும் உருவம் என்ன சொல்கிறது என்று விற்பவருக்கும் தெரியவில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் உஷார். இந்தியன் ஜேடு என்று சொன்னால் அது அவென்சுரின், பச்சைக் குவார்ட்ஸ், ஜேடே கிடையாது. கண்ணாடியாக இருந்தால் லென்ஸில் குமிழி தெரியும். ஜேடைட்டிலேயே ஏ, பி, சி என்று ரகம் உண்டு: ஏ என்றால் இயற்கையானது, மேலே மெழுகுப் பூச்சு மட்டும் இருக்கலாம், பி என்றால் அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியது, சி என்றால் சாயம். சாயம் ஏற்றிய கல்லில் விரிசல் கோடுகளில் நிறம் தேங்கி நிற்கும். விலை அதிகம் சொன்னால் ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேளுங்கள், இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு எதிர்க்கடையில் ஜிகர்தண்டா குடியுங்கள்.

நானும் போன மாசம் ஒன்று வாங்கினேன். குதிரை முதுகில் உட்கார்ந்த குரங்கு, பக்கத்தில் தேனீ. குதிரை மேல் என்பதற்கும் உடனடியாக என்பதற்கும் சீனத்தில் ஒரே சொல், தேனீயும் பட்டம் கொடுப்பதும் ஒரே ஒலி, குரங்கும் பிரபுவும் ஒரே ஒலி. சேர்த்தால், சீக்கிரமே பெரிய பதவி கிடைக்கட்டும். கல் ஜேடு இல்லை, செர்பென்டைன், கடைக்காரரே நேர்மையாகச் சொல்லி அந்த விலைக்குத்தான் கொடுத்தார். அக்கா மகன் குரூப் ஒன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான், அவனிடம் கொடுத்து விளக்கமும் சொன்னேன். "மாமா, நிஜமாவே குரங்குதான் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு, பழைய கேள்வித்தாள் கட்டு ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் தூக்கி வைத்தான்.